நாடுகளைப் பறித்த டல்ஹவுசி, பட்டத்தை இழந்த கதை: 11 ஆண்டுகளில் மறைந்த ஒரு பிரபுப் பட்டம்

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்தவர்களுக்கு டல்ஹவுசி பிரபு என்றதும் மூன்று விஷயம் டக்கென்று ஞாபகம் வரும். ரயில், தந்தி, வாரிசு உரிமை இழப்புக் கொள்கை. பெற்ற மகன் இல்லாமல் இறந்த மன்னர்களின் நாடுகளை கிழக்கிந்திய கம்பெனியின் கணக்கில் சேர்த்தாரே, அவரேதான்.

பாடப்புத்தகத்தில் வராத ஒரு விஷயமும் இருக்கிறது. பஞ்சாபைக் கைப்பற்றியதற்காக டல்ஹவுசிக்கு பிரிட்டிஷ் அரசு 1849-ல் 'மார்க்விஸ்' என்ற பெரிய பரம்பரைப் பட்டம் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக வர வேண்டிய அந்தப் பட்டம் 11 ஆண்டுகள்தான் இருந்தது. அதை வைத்திருந்தது ஒரே ஒருவர். 1860-ல் அவர் இறந்ததும் பட்டமும் முடிந்தது.

காரணம்? அவருக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள் இருந்தார்கள். ஆனால் மகள்கள் கணக்கிலேயே இல்லை.

முதலில், பிரபுப் பட்டம் என்றால் என்ன?

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுக்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழாக ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். நம்மூர் பேச்சில் எல்லோரையும் 'லார்ட்' என்று சொல்லிவிடுவோம். அவர்களுக்குள் யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் நடப்பது என்பது வரைக்கும் இந்த வரிசைப்படிதான்.

புதிதாக ஒரு பட்டம் தரும்போது அரசர் அல்லது அரசியின் பெயரில் ஒரு சாசனம் எழுதப்படும். 'லெட்டர்ஸ் பேடன்ட்' என்று அதற்குப் பெயர். பட்டம் யாருக்கு, அவருக்குப் பிறகு யாருக்குப் போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான சாசனங்களில் இருப்பது ஒரே மாதிரி வாசகம்தான்: இவருக்கும், இவருக்குச் சட்டப்படி பிறந்த ஆண் வழி வாரிசுகளுக்கும்.

இந்த ஒரு வரியில் நிறைய பேர் அடிபட்டுப் போவார்கள். மகள் கிடையாது. மகள் வயிற்றுப் பேரன் கிடையாது. தத்துப் பிள்ளை கிடையாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனும் கிடையாது. சாசனத்தில் சொன்ன ஆண் வழி அற்றுப்போனால் பட்டம் 'அழிந்தது' என்று கணக்கை மூடிவிடுவார்கள்.

எல்லாப் பட்டமும் இப்படி ஒரேயடியாக அழிவதில்லை. வாரிசு இருக்கலாம், ஆனால் யாரும் வந்து உரிமையை நிரூபிக்கவில்லை என்றால் அது 'உறக்கத்தில்' இருக்கும் பட்டம். சில பழைய பாரன் பட்டங்கள் பெண்களுக்கும் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட மகள்கள் சம உரிமையோடு இருந்தால் யாருக்கு என்று முடிவாகும் வரை பட்டம் தொங்கலில் நிற்கும். டல்ஹவுசியின் மார்க்விஸ் பட்டம் இந்த இரண்டிலும் சேராது. அது அழிந்தேவிட்டது.

யார் இந்த டல்ஹவுசி?

முழுப் பெயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ புரூன் ராம்சே. 1812-ல் ஸ்காட்லாந்தின் டல்ஹவுசி கோட்டையில் பிறந்தார். அவருடைய அப்பா ஒன்பதாவது ஏர்ல் ஆஃப் டல்ஹவுசி. கனடாவில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகம் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது, மகனின் பெயரில் அல்ல. அப்பா பின்னாளில் இந்தியாவில் படைத் தளபதியாகவும் இருந்தார்.

ஜேம்ஸ் வீட்டில் மூன்றாவது மகன். சாதாரணமாகப் பார்த்தால் பட்டம் அவருக்கு வரவே வாய்ப்பில்லை. அண்ணன்கள் இருவரும் முன்பே இறந்துவிட்டதால் 1838-ல் பத்தாவது ஏர்ல் ஆனார். அதாவது, 'ஆண் வாரிசு' விதியால் அவர் முதலில் பலன்தான் அடைந்தார்.

1836-ல் அவர் திருமணம் செய்துகொண்ட சூசன் ஹேயின் அப்பா, ட்வீடேல் மார்க்விஸ். 1840-களில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். மாமனாரும் மருமகனும் இந்தியாவில் பெரிய பதவி வகித்த குடும்பம் இது.

லண்டனில் வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ், அங்கே ரயில்வே மோகம் தலைவிரித்தாடிய காலத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1848 ஜனவரியில் கவர்னர் ஜெனரலாக கல்கத்தாவில் பொறுப்பேற்றபோது வயது 35 தான்.

பஞ்சாப் கொடுத்த பட்டம்

வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டாவது சீக்கியப் போர். 1849 மார்ச்சில் பஞ்சாப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாக இணைக்கப்பட்டது. அரியணையில் இருந்த துலீப் சிங்குக்கு அப்போது பத்து வயது. ஆட்சியைக் கைவிட்டுச் சிறுவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், கோஹினூர் வைரத்தை விக்டோரியா மகாராணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. அதைத் தானே கொண்டுபோய் பம்பாய் வரை பத்திரமாகச் சேர்த்தவர் டல்ஹவுசி.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு மார்க்விஸ் பட்டம் வந்தது. சாசனத்தில் டல்ஹவுசி கோட்டையோடு பஞ்சாபின் பெயரும் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டதற்கான பரிசில், அந்த நாட்டின் பெயரும் அலங்காரமாக ஏறியது.

அப்போது அவருக்கு வயது 37. வீட்டில் இரண்டு மகள்கள். மூத்தவர் சூசன், இளையவர் எடித். பட்டத்தின் சாசனமோ வழக்கமான 'ஆண் வழி வாரிசு' வாசகத்தோடுதான் இருந்தது. பிறகு மகன் பிறக்கவே இல்லை. உடல்நிலை மோசமாகி ஊருக்குக் கிளம்பிய மனைவி 1853-ல் கப்பலிலேயே இறந்துவிட்டார். டல்ஹவுசி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வாரிசு இல்லையா? நாடு எங்களுக்கு!

இதே காலத்தில் இந்தியாவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால்தான் கதை புரியும்.

இந்து சாஸ்திர வழக்கப்படி மகன் இல்லாதவர் ஒரு பையனைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். முறைப்படி எடுத்த தத்து மகனுக்கும் பெற்ற மகனுக்கும் உரிமையில் வித்தியாசம் இல்லை. கொள்ளி வைப்பதிலிருந்து சொத்து வரை எல்லாம் அவனுக்கு உண்டு.

கம்பெனி இங்கேதான் ஒரு கோடு கிழித்தது. தத்து மகனுக்கு சொந்தச் சொத்து போகலாம். ஆனால் கம்பெனியைச் சார்ந்து இருக்கும் சமஸ்தானத்தின் ஆட்சி, கம்பெனி சம்மதித்தால் மட்டுமே போகும். சம்மதிக்காவிட்டால் நாடு கம்பெனிக்கு.

இந்தக் கொள்கையைக் கண்டுபிடித்தவர் டல்ஹவுசி இல்லை. கம்பெனியின் இயக்குநர்கள் 1834-லேயே இதைப் பேசியிருக்கிறார்கள். அவர் வருவதற்கு முன்பே சில சின்னச் சின்னப் பகுதிகள் இப்படி எடுக்கப்பட்டன. ஆனால் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் விடாமல் பயன்படுத்தியவர் அவர்தான்.

1848-ல் சாத்தாரா. மன்னர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு எடுத்த தத்து செல்லாது என்று சொல்லப்பட்டது. 1849-ல் ஜெய்த்பூர், சம்பல்பூர். 1854-ல் நாக்பூர். அதே ஆண்டில் ஜான்சி. ஜான்சி மன்னர் கங்காதர ராவ் 1853 நவம்பரில் இறப்பதற்கு முந்தைய நாள், ஆங்கிலேய அதிகாரிகளின் முன்னிலையிலேயே ஒரு பையனைத் தத்து எடுத்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. ராணி லட்சுமிபாய் போட்ட மனுக்கள் எல்லாம் தள்ளுபடி. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பிரிட்டிஷ் பிரபுவின் கண்ணோட்டத்தில் இது விசித்திரமான யோசனையே இல்லை. அவருடைய ஊரில் தத்துப் பிள்ளைக்குப் பட்டம் போவதே கிடையாது. பட்டத்தைக் கொடுத்தவர் அரசர், ஆண் வழி அற்றுப்போனால் அது அரசரோடு முடிந்துபோகும். அந்த ஊர்க் கணக்கை, தத்து மகனைப் பெற்ற மகனாகவே பார்க்கும் ஒரு சமூகத்தின் மீது கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே போவது ஒரு பட்டப்பெயர். இங்கே போனதோ ஆட்சி, வருமானம், படை, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு.

தஞ்சாவூர் மகளுக்குச் சொன்ன பதில்

இந்தக் கதையில் நம்மூருக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு.

தஞ்சாவூர் மராட்டிய அரசர்களின் ஆட்சி 1799-லேயே கம்பெனியிடம் போய்விட்டது. சரஸ்வதி மஹால் நூலகத்தால் நமக்குத் தெரிந்த இரண்டாம் சரபோஜியிடம் மிஞ்சியது கோட்டையும், மன்னர் என்ற பட்டமும், மானியமும்தான். அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் இறந்தார். மகன் இல்லை. மகள் இருந்தார்.

தஞ்சாவூரில் இருந்த கம்பெனியின் பிரதிநிதி, 'ரெசிடென்ட்', அந்த மகளுக்கே பட்டத்தைத் தொடர விடலாம் என்று மேலிடத்துக்குப் பரிந்துரை செய்தார். கம்பெனியின் ஆள் ஒருவரே மகளுக்காகப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேலிடம் ஏற்கவில்லை. பதவியை விட்டு இறங்கும்போது டல்ஹவுசி 1856 பிப்ரவரி 28-ம் தேதி எழுதிய நீண்ட அறிக்கையில் இந்த விஷயமும் வருகிறது. அதன் சாரம் இதுதான்: தஞ்சாவூரில் ஆண் வாரிசு யாரும் இல்லை, ஒரு பெண்ணுக்காகச் சட்டத்தையும் வழக்கத்தையும் வளைக்க எந்தக் காரணமும் தெரியவில்லை.

அத்தோடு தஞ்சாவூர் மன்னர் பட்டம் முடிந்தது. அரண்மனையின் சொத்துகளும் கம்பெனி கைக்குப் போயின. மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையில் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அரசு தன் அதிகாரத்தால் செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1859-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். சொந்தச் சொத்துகள் பிறகு அரசின் முடிவால் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தன. பட்டம் திரும்ப வரவில்லை.

தஞ்சாவூர் மன்னர் இறந்த அந்த 1855-ல் டல்ஹவுசி பல மாதங்கள் தமிழ்நாட்டில்தான் இருந்தார். காலில் எலும்பு நோய், நடக்கவே சிரமம். உடம்பைத் தேற்ற நீலகிரிக்கு வந்து ஊட்டியிலும் கோத்தகிரியிலும் தங்கினார். அம்மா இறந்த பிறகு இந்தியா வந்து அவரைக் கவனித்துக்கொண்டவர் மூத்த மகள் சூசன்.

1860: அதே விதி, வேறு வீடு

1856-ல் ஊர் திரும்பியபோது டல்ஹவுசி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலையில் இருந்தார். கம்பெனி ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஓய்வூதியம் அறிவித்தது. அடுத்த ஆண்டே வட இந்தியாவில் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதற்கு இவருடைய நாடு பிடிக்கும் கொள்கையும் ஒரு காரணம் என்று லண்டனில் விமர்சனம் குவிந்தது. அவர் பொதுவெளியில் பதில் சொல்லவில்லை.

1858-ல் கம்பெனியின் ஆட்சியே முடிந்தது. இனி நாடுகளைப் பிடிக்க மாட்டோம் என்று விக்டோரியாவின் பிரகடனம் சொன்னது. அடுத்து வந்த கானிங் பிரபு, தத்து எடுக்கும் உரிமையை உறுதிசெய்யும் சன்னதுகளை சமஸ்தானங்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். டல்ஹவுசி உயிரோடு இருக்கும்போதே அவருடைய கொள்கை கைவிடப்பட்டுவிட்டது.

1860 டிசம்பர் 19-ம் தேதி, பிறந்த அதே டல்ஹவுசி கோட்டையில் அவர் இறந்தார். வயது 48. மார்க்விஸ் பட்டம் அன்றே முடிந்தது. 1815-ல் அப்பாவுக்குக் கிடைத்த பாரன் பட்டமும் கூடவே போனது.

ஏர்ல் பட்டம் மட்டும் தப்பித்தது எப்படி?

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இன்றும் ஸ்காட்லாந்தில் 'ஏர்ல் ஆஃப் டல்ஹவுசி' என்று ஒருவர் இருக்கிறாரே, அது எப்படி?

விடை சாசனத்தின் தேதியில் இருக்கிறது. ஏர்ல் பட்டம் 1633-ல் உருவானது. அந்த முதல் ஏர்லின் ஆண் வழியில் யார் இருந்தாலும் அது போகும். இரண்டு நூற்றாண்டுகளில் குடும்பம் பல கிளையாகப் பிரிந்திருந்ததால், சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மால் வாரிசாகக் கிடைத்தார். கிரிமியப் போர்க் காலத்தில் பிரிட்டனின் போர்த் துறை அமைச்சராக இருந்தவர் இவர். அவருக்கும் பிள்ளை இல்லை. 1874-ல் பட்டம் இன்னொரு கிளைக்குத் தாவியது. அப்படியே இன்று வரை ஓடுகிறது.

மார்க்விஸ் பட்டமோ 1849-ல் ஜேம்ஸிடமிருந்து தொடங்கியது. அவருடைய சொந்த ஆண் வழிக்கு மட்டும்தான் போகும். சித்தப்பா மகன் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆக, சொந்த மகளுக்கு எதுவும் இல்லை. சித்தப்பா மகனுக்குப் பழைய பட்டம். புதுப் பட்டம் யாருக்கும் இல்லை.

மகளுக்குத் தர வழியே இல்லையா?

இருந்தது. சாசனம் எழுதும்போதே 'சிறப்பு வாரிசு ஏற்பாடு' ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் மவுண்ட்பேட்டன். இந்தியாவின் கடைசி வைஸ்ராயான அவருக்கும் மகன் இல்லை, இரண்டு மகள்கள்தான். 1947-ல் அவருக்குத் தந்த ஏர்ல் பட்டம் மகளுக்கும் போகலாம் என்று சாசனத்திலேயே எழுதப்பட்டது. 1979-ல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரீஷியா அந்தப் பட்டத்தை ஏற்றார். அது இன்றும் தொடர்கிறது.

இரண்டு கவர்னர் ஜெனரல்கள், இருவருக்கும் இரண்டு மகள்கள். ஒரு பட்டம் வாழ்கிறது, இன்னொன்று அழிந்தது. வித்தியாசம் ஒரு வரிதான்.

அந்த மகள்கள் என்ன ஆனார்கள்?

பட்டம் கிடைக்காத இரண்டு பேரும் வேறு வழியில் இந்திய வரலாற்றில் வருகிறார்கள்.

இளையவர் எடித், ஜேம்ஸ் பெர்குசனை மணந்தார். பெர்குசன் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னராக இருந்தபோது 1871-ல் எடித் அங்கேயே இறந்தார். அந்த மாநிலத்தில் எடித்பர்க் என்ற கடற்கரை ஊர் அவர் பெயரில் இருக்கிறது. பெர்குசன் பிறகு பம்பாய் கவர்னர் ஆனார். புனேயின் பிரபலமான பெர்குசன் கல்லூரி அவர் பெயரில்தான்.

மூத்தவர் சூசனின் கணவர் ராபர்ட் பூர்க். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லையா? 1887-ல் அவருக்குக் கிடைத்த பட்டத்தைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்குப் புரிந்துவிடும்: கன்னிமாரா பிரபு. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியவர்.

அப்பாவைக் கவனித்துக்கொள்ள ஒருகாலத்தில் இந்தியா வந்த சூசன், கவர்னரின் மனைவியாகச் சென்னையில் வாழ்ந்தார். அந்தத் திருமணம் நல்லபடியாக முடியவில்லை. 1890-ல் விவாகரத்து நடந்தது. பெரிய பரபரப்பான செய்தி அது. கன்னிமாரா பிரபுவும் பதவியை விட்டு ஊர் திரும்பினார். 1902-ல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லாததால் கன்னிமாரா பட்டமும் அழிந்தது. நூலகம் மட்டும் இருக்கிறது.

டல்ஹவுசியின் விஷயத்திலும் மிஞ்சியது மகள்கள் பக்கம்தான். பாட்டி வழியில் வந்த கோல்ஸ்டன் எஸ்டேட் சூசனுக்குப் போனது. சொத்துக்கு மகள் வாரிசாகலாம், பட்டத்துக்குத்தான் கூடாது. 50 ஆண்டுகளுக்கு வெளியிடக் கூடாது என்று டல்ஹவுசி பூட்டிவைத்த ஆவணங்களும் மகளின் பொறுப்பில் இருந்தன. அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 1910-ல் புத்தகமாக வந்தபோது, தொகுத்தவர் எடித்தின் மகளை மணந்த பெயர்ட்.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதா?

அரச குடும்பத்தில் மாறிவிட்டது. 2013-ல் கொண்டுவந்த சட்டப்படி, 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. இளவரசி சார்லட், தம்பி லூயி பிறந்த பிறகும் அரியணை வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பது இதனால்தான்.

பிரபுக்கள் பட்டத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மகள்களுக்கும் பட்டம் போக வழிசெய்யும் மசோதா ஒன்று 2013-ல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. 'டவுன்டன் ஆபி' தொடரின் கதையே மகளுக்குச் சொத்தும் பட்டமும் போகாத சிக்கல் என்பதால், அந்தத் தொடரின் பெயரிலேயே மசோதாவை அழைத்தார்கள். அது சட்டமாகவில்லை.

தொடரை உருவாக்கிய ஜூலியன் ஃபெலோஸின் வீட்டிலேயே இது நடந்தது. அவருடைய மனைவி எம்மா, கிச்சனர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தியாவில் படைத் தளபதியாக இருந்த அதே கிச்சனர் குடும்பம்தான். எம்மாவின் பெரியப்பாவான மூன்றாவது ஏர்ல் கிச்சனர் 2011-ல் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. எம்மா இருந்தும் பட்டம் அழிந்தது.

1999-ல் பிரபுக்கள் சபையில் பரம்பரை உறுப்பினர்களில் 92 பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வெளியேற்றினார்கள். பெண்களுக்குப் போகாத பட்டங்களே அதிகம் என்பதால், சட்டம் இயற்றும் அந்த 92 இடங்களிலும் கிட்டத்தட்ட ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடங்களையும் நீக்குவதற்கான மசோதா 2024-ல் கொண்டுவரப்பட்டது. அதனால்தான் இது வெறும் பெயர்ப்பலகை விவகாரம் இல்லை என்று பிரிட்டனில் பேசுகிறார்கள்.

டல்ஹவுசியின் பெயர் இமாச்சலில் ஒரு மலை நகரமாக இருக்கிறது. கொல்கத்தாவின் டல்ஹவுசி சதுக்கம், பினாய், பாதல், தினேஷ் என்ற மூன்று புரட்சியாளர்களின் பெயருக்கு மாறிவிட்டது. டெல்லியில் இருந்த டல்ஹவுசி சாலை 2017-ல் தாரா ஷிகோ சாலை ஆனது. பஞ்சாபின் பெயரைச் சேர்த்து எழுதிய அவருடைய பட்டமோ பழைய பட்டியலில் 'அழிந்தவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக இருக்கிறது. பெண்ணுக்காக வழக்கத்தை வளைக்க முடியாது என்று தஞ்சாவூருக்குச் சொன்ன பதிலைத்தான், ஐந்து ஆண்டுகள்கூட ஆவதற்குள் அவருடைய சொந்த மகள்களுக்கும் சட்டம் சொன்னது.